நீதிபதியை அமர்த்தும் உரிமை: தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பார்வை

1974 ஜனவரி 31 அன்று இந்திய உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று, பீடித் தொழிலை நம்பி வாழும் ஊர்களின் அன்றாடப் பிழைப்பைத் தொட்டது. அவ்வூர்களுள் ஒன்று, திருநெல்வேலிக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் அமைந்து, சொக்கலால் ராம்சேட் பீடியால் தமிழகமெங்கும் பெயர் அறியப்பட்ட முக்கூடல். பள்ளு இலக்கியத்தால் புகழ்பெற்ற முக்கூடல் இதுவன்று. அது சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரி. பீடித் தொழிலில் வேலை செய்பவர் பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் போவதில்லை. கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வாங்கி வரும் பெண், நனைத்துப் பதப்படுத்திய இலையை அளவுக்கு நறுக்கி, மடியில் சுளகை வைத்துத் தூளிட்டுச் சுற்றி, முனையை மடக்கி, நூலால் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி, மறுபடியும் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். தரமில்லை என்று கழிக்கப்பட்டவை போக மிஞ்சியதற்கே கூலி. நிறுவனத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒப்பந்ததாரர் நிற்பதால், அவளுக்கு முதலாளி யார் என்ற கேள்விக்கு எவரும் பொறுப்பேற்காத நிலை நெடுநாள் நீடித்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே, அவருக்கும் விடுப்பும் பேறுகாலப் பாதுகாப்பும் உண்டு என்று வகுத்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில்தான், மங்களூர் கணேஷ் பீடி நிறுவன வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு, சட்டம் செல்லும் என்று உறுதிசெய்தது.

அத்தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஏ.என். ரே, அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், இந்திய நீதித்துறை வரலாற்றின் மிகப் பெரிய நியமனச் சர்ச்சைக்கு நடுவே அப்பதவியில் அமர்த்தப்பட்டவர். மூத்தவர் மூவரைத் தாண்டி அவரைக் கொண்டுவந்தது நீதித்துறையின் சுதந்திரத்தைக் குலைத்த செயல் என்று வழக்கறிஞர் உலகம் கொதித்தது. அதே நீதிபதியின் கையெழுத்தோ, கூலியைத் தவிர வேறு எதுவும் இல்லாத பெண்களுக்கு ஆதரவாக அமைந்தது. ஒரு நியமனம் முறையற்றதா இல்லையா என்பதை அதனால் விளைந்த தீர்ப்பின் நன்மை தீமையைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நியமனத்துக்கான அளவுகோலை நியமன முறையிலேயே தேட வேண்டும். இந்தியா அந்த முறையை முக்கால் நூற்றாண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

தேடலின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தவர் இருவர் இருந்தனர். உச்சநீதிமன்றத்தின் அமைப்பைப் பற்றிப் பரிந்துரைக்க அரசியல் நிர்ணய சபை அமைத்த சிறு குழுவுக்கு எஸ். வரதாச்சாரியார் தலைமை வகித்தார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதில் உறுப்பினராக இருந்தார். 1947 மே மாதம் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, நீதிபதிகளைக் குடியரசுத் தலைவரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடுவது உகந்ததன்று என்று கருதி, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், அரசின் சட்ட அலுவலர்கள் ஆகியோரிலிருந்து 11 பேர் கொண்ட ஆயத்தை அமைத்து, அவர்களுள் குறைந்தது 7 பேர் உறுதிசெய்தாலே நியமனம் நிறைவேறும் என்ற வழியை ஒரு மாற்றாக முன்வைத்தது. அந்த ஆயம் இறுதி வடிவத்தில் இடம்பெறவில்லை. 1949 மே 24 அன்று நடந்த விவாதத்தில், தலைமை நீதிபதியின் இசைவு கட்டாயம் வேண்டும் என்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் திருத்தம் கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று ஷிப்பன் லால் சக்சேனா வாதிட்டார். அம்பேத்கர் இரண்டையும் ஏற்கவில்லை. பிரிட்டனைப்போல ஆட்சியாளரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பதும், அமெரிக்காவைப்போலச் சட்டமன்ற அவையின் ஒப்புதலுக்கு உட்படுத்தி அரசியல் அழுத்தத்துக்கு வாசல் திறப்பதும் ஆபத்தானவை என்ற அவர், தலைமை நீதிபதியும் மனிதருக்குரிய குறைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதால் தடுக்கும் அதிகாரத்தை அவர் ஒருவரிடம் கொடுப்பதையும் மறுத்தார். விளைவாக வந்த 124ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் நீதிபதிகளோடு கலந்தாலோசித்து நியமிப்பார் என்று மட்டும் கூறியது. கலந்தாலோசித்த பின் கருத்து வேறுபட்டால் யாருடைய சொல் நிற்கும் என்பதை அது சொல்லவில்லை. அடுத்த 70 ஆண்டுகளின் வழக்கு முழுவதும் அந்த மௌனத்திலிருந்து முளைத்ததே.

முதல் இருபது ஆண்டுகள் அந்த இடைவெளியை வழக்கம் நிரப்பியது. 1951 நவம்பரில் முதல் தலைமை நீதிபதி கனியா பதவியிலிருக்கும்போதே இறந்தபோது, மூத்தவரான பதஞ்சலி சாஸ்திரியைத் தவிர்க்க அரசு எண்ணியதாகவும், மற்ற நீதிபதிகள் விலகிவிடுவோம் என்று தெரிவித்ததால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டதாகவும் நீதிமன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தமிழரான பதஞ்சலி சாஸ்திரி தலைமை நீதிபதியானார். பணிமூப்பில் முதலில் இருப்பவரே அப்பதவிக்கு வருவார் என்ற மரபும் நிலைத்தது. சட்டத்தில் எழுதப்படாத மரபுக்கு உள்ள வலிமை, அதை மீற விரும்பும் ஆட்சி வரும்வரைதான்.

அந்த ஆட்சி 1973இல் வந்தது. ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்று தீர்ப்பளித்தனர். மறுநாளே ஜே.எம். ஷெலட், கே.எஸ். ஹெக்டே, ஏ.என். குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் அரசுக்கு எதிரான பெரும்பான்மையில் இருந்தவர்கள். ரே சிறுபான்மையில் இருந்தவர். மூவரும் பதவி விலகினர். அரசின் சார்பில் இம்முடிவை மக்களவையில் மிகக் கூர்மையாக நியாயப்படுத்தியவர், ஒருகாலத்தில் பொதுவுடைமை இயக்கத்தில் இருந்தவரும், சென்னை மாநில அரசின் தலைமை வழக்கறிஞராகப் பணியாற்றியவரும், அப்போது மத்திய எஃகுத்துறை அமைச்சராக இருந்தவருமான மோகன் குமாரமங்கலம். மூப்பு மட்டுமே தகுதியாகாது என்று 1958இல் சட்ட ஆணையமே கூறியிருப்பதைச் சுட்டிக்காட்டிய அவர், காலத்தின் போக்கை உணர்ந்த, சமூக மாற்றத்துக்கு முட்டுக்கட்டை போடாத நீதிபதியைத் தேர்ந்தெடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்றார். வாதத்தின் முதற்பகுதியில் உண்மை இருந்தது. ஆனால், சட்ட ஆணையம் மூப்பைக் கைவிடச் சொன்னது நிர்வாகத் திறனும் தகுதியும் கருதி. அரசின் கொள்கைக்கு இணங்கும் மனப்போக்கைக் கருதி அன்று. குமாரமங்கலம் அதே ஆண்டு மே மாத இறுதியில் விமான விபத்தில் உயிரிழந்தார். அவர் தந்த வாதம் மட்டும் அவருக்குப் பின்னும் ஆட்சியாளருக்குப் பயன்பட்டது. நெருக்கடிநிலைக் காலத்தில், காரணமின்றிச் சிறைவைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடும் உரிமையை 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் மறுத்தபோது தனியாளாக மாறுபட்டு எழுதிய எச்.ஆர். கன்னாவை, 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரான எம்.எச். பேக்கைக் கொண்டு அரசு தாண்டியது. கன்னா அன்றே விலகும் முடிவை எடுத்தார். அதற்குப் பின் தலைமை நீதிபதி நியமனத்தில் மூப்பு மரபை எந்த அரசும் மீறவில்லை. மோதல் மற்ற நீதிபதிகளின் நியமனத்துக்கு இடம் மாறியது.

1981 டிசம்பர் 30 அன்று முதலாம் நீதிபதிகள் வழக்கு என்று இன்று குறிக்கப்படும் எஸ்.பி. குப்தா வழக்கில், கலந்தாலோசித்தல் என்பது இசைவு பெறுவது ஆகாது, இறுதிச் சொல் அரசினுடையதே என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது. அதை மாற்றி எழுதிய ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெயர்ப்பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர், முக்கூடலுக்கு மேற்கே சில கல் தொலைவில், கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூரில் 1929 மார்ச் 13 அன்று பிறந்த எஸ். இரத்தினவேல் பாண்டியன்.

நாறும்பூநாதர் கோயிலின் மரச்சிற்பங்களுக்கும் கோபுர ஓவியங்களுக்கும் பேர்போன அச்சிற்றூரிலிருந்து புறப்பட்டு, திருநெல்வேலியில் வழக்கறிஞராகப் பெயரெடுத்து, திராவிட முன்னேற்றக் கழகத்தில் மாவட்ட அளவில் பொறுப்பு வகித்து, பின்னர் சென்னையில் அரசு வழக்கறிஞராகி, 1974இல் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் 1988 டிசம்பரில் உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தவர் அவர். கட்சித் தொடர்புள்ளவர் நீதிபதியாவதை இன்று பலர் ஐயத்தோடு பார்க்கின்றனர். அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும், கேரளத்தில் அமைச்சராக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யரும், காங்கிரஸ் உறுப்பினராக மாநிலங்களவையில் அமர்ந்திருந்து பின்னர் அதே கட்சியின் அரசால் தாண்டப்பட்ட கே.எஸ். ஹெக்டேயும் இருந்த நீதிமன்றம் அது. கட்சி அட்டை ஒருவரின் நாட்டத்தைக் காட்டலாம். பதவியேற்ற பின் அவர் அரசமைப்புக்கு உண்மையாக நிற்பாரா என்பதை அது காட்டுவதில்லை.

1993 அக்டோபர் 6 அன்று வெளிவந்த இரண்டாம் நீதிபதிகள் வழக்கின் தீர்ப்பில், ஏழு நீதிபதிகள் ஒருபக்கமும் இருவர் மறுபக்கமும் நின்றனர். நீதிபதி ஜே.எஸ். வர்மா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்தே மேலோங்கும் என்றும், அக்கருத்து அவருடைய தனிக்கருத்தாக இல்லாமல் மூத்த நீதிபதிகளோடு கலந்து உருவானதாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. மூத்த நீதிபதிகள் கூடிப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் இக்குழுவே கொலீஜியம் எனப்படுகிறது. அரசியலமைப்பில் இல்லாத இந்த அமைப்பு தீர்ப்பினால் பிறந்தது. இரத்தினவேல் பாண்டியன் இம்முடிவோடு உடன்பட்டும் தனியே ஒரு தீர்ப்பு எழுதினார். மற்றவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியில் நின்றபோது, தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்வியை அவர் கேட்டார். பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தோர், பழங்குடியினர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோர் உயர்ந்த நீதிமன்றங்களில் எவ்வளவு குறைவாக இருக்கின்றனர் என்பதை எடுத்துவைத்து, நீதி வழங்கும் பொறுப்பு ஒரு குறுகிய வட்டத்துக்குள் அடங்கிவிடக் கூடாது என்றும், மக்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அரசு எல்லாப் பிரிவுகளிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு வைக்கலாம் என்றும் அவர் எழுதினார்.

அந்தப் பக்கங்கள் உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது. தமிழகத்தைப் பொறுத்தவரை அவர் எழுப்பிய கேள்வி வெறும் கோட்பாடாக இருக்கவில்லை: சென்னை உயர்நீதிமன்றத்தில் 1973இல் நீதிபதியான ஏ. வரதராஜன்தான் 1980இல் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பட்டியலின நீதிபதி. அரசின் சொல் மேலோங்கியிருந்த காலத்தில் நிகழ்ந்த நியமனம் அது. அதனால் அரசே நியமிப்பது நல்லது என்று ஆகிவிடாது. நீதிபதிகளின் குழு தேர்ந்தெடுத்தாலே எல்லாம் சீராகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை என்பதையே அது காட்டுகிறது. 1998 அக்டோபர் 28 அன்று, குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கேட்ட விளக்கத்துக்கு விடையாக வந்த மூன்றாம் நீதிபதிகள் வழக்கு, கொலீஜியத்தைத் தலைமை நீதிபதியும் மூத்தவர் நால்வரும் கொண்ட ஐவர் குழுவாக விரித்தது. குழு பெரிதானது, கதவு திறக்கவில்லை.

அம்பேத்கர் 1949இல் ஒதுக்கிவைத்த அமெரிக்க வழி இக்காலத்தில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிகிறார். மாநிலங்களின் பிரதிநிதிகள் அமரும் செனட் அவை விசாரித்து, வாக்களித்து, உறுதிசெய்கிறது. 1987இல் ராபர்ட் போர்க் 58க்கு 42 என்ற வாக்குகளில் நிராகரிக்கப்பட்டதிலிருந்து அந்த விசாரணைகள் கட்சிகளின் போர்க்களமாயின. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்த பின் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு, குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை இருந்த செனட் விசாரணையே நடத்தாமல் தேர்தல்வரை காலம் கடத்தியது. அதே கட்சி, 2020 அக்டோபரில் தேர்தலுக்கு எட்டே நாட்கள் இருக்கையில் ஏமி கோனி பாரெட்டை 52க்கு 48 என்று உறுதிசெய்தது. இடையில் 2017இல், விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும் என்றிருந்த விதியும் உச்சநீதிமன்ற நியமனங்களுக்கு நீக்கப்பட்டது. அங்கே சண்டை கட்சிக்கும் கட்சிக்கும் இடையில், ஊரறிய நடக்கிறது. இந்தியாவில் அது அரசுக்கும் நீதிபதிகளுக்கும் இடையில், கோப்புகளுக்குள் நடக்கிறது. அமெரிக்கக் குடிமகன் தன் நீதிபதி எந்தக் கட்சியின் வாக்கால் வந்தார் என்பதையாவது அறிவான். இந்தியக் குடிமகனுக்கு, ஒருவர் ஏன் வந்தார் என்பதும் இன்னொருவர் ஏன் வரவில்லை என்பதும் பெரும்பாலும் தெரிவதில்லை.

இந்தியக் கட்சிகள் இவ்விஷயத்தில் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் நின்றன என்பது குறிப்பிடத்தக்கது. தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், சான்றோர் இருவர் ஆகிய அறுவர் அடங்கிய தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை உருவாக்கும் 99ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2014 ஆகஸ்டில் இரு அவைகளிலும் எதிர்த்து ஒரு வாக்கும் இல்லாமல் நிறைவேறியது. மக்களவையில் அதிமுக உறுப்பினர்கள் மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கினர். 2015 அக்டோபர் 16 அன்று உச்சநீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில் அத்திருத்தத்தைச் செல்லாததாக்கியது. ஆணையத்தில் எந்த இருவரும் ஒரு பெயரைத் தடுத்துவிட முடியும் என்ற ஏற்பாட்டில் உண்மையான ஆபத்து இருந்தது. ஆனால் மாறுபட்டு எழுதிய நீதிபதி செலமேஸ்வர், கொலீஜியத்தின் நடவடிக்கைகள் பொதுமக்களுக்கும் வரலாற்றுக்கும் எட்டாதவையாக இருக்கின்றன என்று கூறியதையும் எவராலும் மறுக்க முடியவில்லை. பெரும்பான்மையினரே கொலீஜியத்தைச் சீர்திருத்தக் கருத்துகள் கேட்டனர்.

தடுப்பதற்கான அதிகாரம், தகுதிக்கான விதி, இரண்டையும் எல்லோரும் காணும்படி எழுதிவைப்பது ஆகிய மூன்றும் தாமிரபரணிப் பகுதிக்குப் புதியவை அல்ல. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், அம்பலவாண சுவாமி கோயில் தூணில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800இல் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, அவ்வூர்ச் சபையில் அமரத் தகுதியுள்ளவர் யார் என்பதை வகுக்கிறது. உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளுக்கு நூறாண்டுக்கும் மேல் முற்பட்டது இது. நிலப்பங்கு உடையவரின் மக்களுள் நல்லொழுக்கமும் அறநூல் ஒன்றில் பயிற்சியும் உள்ள ஒருவரே ஒரு பங்குக்குச் சபையேறலாம்; முழுப் பங்கு இல்லாதவர் வாரியம், அதாவது சபையின் செயற்குழு, எதிலும் இடம்பெற முடியாது. எல்லாவற்றையும்விட வியப்பளிப்பது அதன் கடைசி விதி: சபையில் எது வந்தாலும் அன்று அன்று என்று குறுக்கே நிற்பவரும், அவருக்குத் துணை நிற்பவரும், அவ்வாறு தடுத்த ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகும் அதே விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

இக்கல்வெட்டை மக்களாட்சியின் சான்றாகப் போற்றுவோர் பலர். அது முழு உண்மையன்று. மானூர்ச் சபை பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் நிலவுடைமையாளர் சபை; உழுதவரும் பெண்களும் அதில் அமர முடியாது. இரத்தினவேல் பாண்டியன் 1993இல் கேட்ட கேள்வியை மானூரில் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்காது. ஆனால் விதி என்ன என்பதில் ஐயம் இருக்கவில்லை. வாசிக்கத் தெரிந்த எவரும் தூணருகே நின்று, யாருக்குத் தகுதி, யார் தடுக்கலாம், தடுத்தால் என்ன நேரும் என்று அறிந்துகொண்டிருக்க முடியும். 1993இன் கேள்வியும் மானூரின் வெளிப்படையும் ஒருசேர அமைந்த நியமன முறை இந்தியாவில் இதுவரை தோன்றவில்லை.

அதை நோக்கிய சில அடிகள் எடுத்துவைக்கப்பட்டன. 2017 அக்டோபர் முதல் கொலீஜியத்தின் தீர்மானங்கள் வெளியிடப்பட்டன. தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில், சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட வழக்கறிஞர் ஒருவரை அரசு ஏற்காததன் காரணங்களைக் கொலீஜியம் முதன்முறையாக வெளிப்படையாக எழுதியது: பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றையும், நீட் தேர்வால் மருத்துவக் கல்வி கிட்டாமல் உயிர்நீத்த மாணவி அனிதாவின் மரணம் குறித்த பதிவு ஒன்றையும் அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார் என்பதே குறை. அதைக் குறையாகக் கருத முடியாது என்று கூறி அவர் பெயரையே கொலீஜியம் மீண்டும் பரிந்துரைத்தது. காரணம் வெளியே வந்ததால்தான் அது எவ்வளவு வலுவற்றது என்பதை நாடு காண முடிந்தது. கொலீஜியம் இதே அளவுகோலைத் தனக்கும் பொருத்தி, தான் தேர்ந்தெடுப்பவர்களையும் தவிர்ப்பவர்களையும் பற்றி இதே தெளிவோடு எழுதியிருந்தால், அதன் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

அரசுக்கு ஒரு பெயரை எதிர்க்கும் உரிமை உண்டு. காரணம் சொல்லாமலும் காலவரையின்றியும் கோப்பைக் கிடப்பில் போடும் உரிமை இல்லை. நீதிபதிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உண்டு. அதை மூடிய அறையின் தனிச்சொத்தாக வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. உயர்நீதிமன்ற நியமனங்களில் அரசு எத்தனை வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் காலவரம்பு வகுத்தது. மீண்டும் பரிந்துரைக்கப்பட்ட பெயரை மூன்று நான்கு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். அவ்வரம்பை மீறுவோருக்கு எந்தத் தண்டமும் அதில் எழுதப்படவில்லை.